தொட்டியின் அடியில் பொங்கல் பானை

1. வேலையை விட்ட நாள்

கிள்ளானில் ஒரு மீன் கடையில் இருபத்தோரு வருடம் வேலை பார்த்தேன். குழம்பு வைக்கிற மீன் இல்லை, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன். முதலில் தொட்டி கழுவினேன், பிறகு ஃபில்டர் மாட்டினேன், கடைசி பத்து வருடம் வேன் எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் இடத்துக்கே போய் சர்வீஸ் செய்தேன். நான்கடித் தொட்டியின் ஒரு முனையை ஒரு பொம்பளை பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றவர்கள் உண்டு. பிளந்து நிற்கிற நேரத்தில் மறுமுனையைப் பிடிக்கலாமே என்று கேட்டிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நாற்பத்தாறு வயதில், இனி சொந்தமாகச் செய்வோம் என்று வேலையை விட்டேன். கடை முதலாளி ஆ லியோங்கை நாங்கள் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் சண்டை போடவில்லை. தொட்டித் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிற ஒரு புது சைஃபன் ஹோஸை என் கையில் கொடுத்துவிட்டு மலாயில் சொன்னார்: "தீகா பூலான் சஜா, லெட்சுமி. நந்தி பாலேக் சினி." மூன்று மாதம்தான், அப்புறம் இங்கேயே திரும்பி வருவாய் என்று அர்த்தம். அவர் கேலியாகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அக்கறையாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் வேலை பிரிக்ஃபீல்ட்ஸில் கிடைத்தது. டாக்டர் கவிதா என்கிற பல் மருத்துவரின் கிளினிக். இடத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். காத்திருக்கும் இடத்தில் நான்கடித் தொட்டி, உள்ளே நிஜச் செடி வேண்டும் என்றார்.

"பல்லு புடுங்க வர்றவங்க பயந்துகிட்டு உக்காந்திருப்பாங்க அக்கா. பச்சையா எதையாவது பாத்தா கொஞ்சம் அடங்குவாங்க. ஆனா என் பட்ஜெட் எல்லாம் சேருக்கும் லைட்டுக்கும் போயிருச்சி. சிக்கனமா செஞ்சி குடுங்க. நல்லா வந்திச்சின்னா என்னோட மத்த ரெண்டு பிராஞ்சும் உங்களுக்குத்தான்."

திறப்பு விழா தைப்பூசத்துக்கு அடுத்த வாரம். மூன்று கிளினிக்கும் கையில் இருந்தால் மாதா மாதம் வேனுக்கும் வீட்டுக்கும் கவலை இல்லை. கிடைக்காவிட்டால் தவுக்கே சொன்னது பலித்துவிடும். நான் முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2. எந்த மண்

செடி வைக்கிற தொட்டியில் அடியில் பரப்புகிற மண்ணுக்கு சப்ஸ்ட்ரேட் என்று பெயர். கடைக்காரர்கள் நாங்கள் சாய்ல் என்போம். செடிக்காக விற்கிற ஜப்பான் சாய்ல் அருமையான சரக்கு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்கடித் தொட்டிக்கு நாலைந்து மூட்டை வேண்டும், டாக்டர் கொடுத்த காசு இரண்டு மூட்டைக்கே தாங்காது. இன்னொன்றும் உண்டு. புது சாய்ல் முதல் சில வாரங்கள் தண்ணீரில் அம்மோனியா விடும், அதற்குள் மீனை விட்டால் செத்துப்போகும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எது மலிவு?" என்றுதான். நான் பார்த்த மலிவை எல்லாம் சொல்கிறேன். ஒருத்தர் போர்ட்டிக்சன் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வந்து போட்டார். அதில் பாதி சிப்பித் தூள். சுண்ணாம்பு கரைந்து தண்ணீர் கடினமாகி, செடி எல்லாம் மஞ்சளாகிப் போனது. இன்னொருத்தர் பூனைக்குப் போடுகிற மணல் மலிவு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கட்டி பிடிக்கிற வகையை வாங்கிக் கொட்டிவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் தொட்டி முழுக்கக் களி. அகப்பையால்தான் அள்ளினேன். ஹார்ட்வேர் கடை ஆற்று மணல் பரவாயில்லை, ஆனால் ரொம்ப நைசாக இருந்தால் அமுங்கி வேர் மூச்சு முட்டும்.

எதுவாக இருந்தாலும் ஒரு சோதனை செய்யாமல் நான் தொட்டியில் போட மாட்டேன். ஒரு கைப்பிடியைக் கிண்ணத்தில் போட்டு சுக்கா, அதாவது வினிகர், ஊற்ற வேண்டும். கோழி ஊற வைக்கச் சமையலறையில் இருக்குமே, அதே வெள்ளை சுக்கா. நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

அந்தத் தை மாதம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு பானைக் கடையைத் தாண்டிப் போனபோது எனக்குப் பொறி தட்டியது. பொங்கல் முடிந்து ஒரு வாரம். கடைக்குப் பின்னால் விரிசல் விட்டதும் வாய் உடைந்ததுமாக விற்காத மண்பானைகள் குவிந்து கிடந்தன. சுட்ட களிமண். தண்ணீரில் கரையாது, உள்ளே நுண்ணிய ஓட்டை நிறைய இருக்கும், வேர் நன்றாகப் பிடிக்கும். உரத்துக்கு ரூட் டேப் என்கிற சிறு வில்லைகளை வேருக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டால் போதும்.

"அண்ணே, இத என்னா செய்வீங்க?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"என்னா செய்யிறது? லோரி வந்தா குப்பையில ஏத்துறதுதான்."

"நான் எடுத்துக்கவா?"

"எல்லாத்தையும் எடுத்துக்கம்மா. ஆனா ஓட்டப் பானைய வச்சி பொங்கிட்டு கடைப்பேர சொல்லிறாத."

சாயம் பூசிய பானையை எல்லாம் ஒதுக்கினேன். மற்றதைச் சாக்கில் போட்டு வீட்டுப் பின்பக்கம் சுத்தியலால் உடைத்தேன். பச்சைப்பயறு அளவுத் துண்டுகளைச் சலித்தெடுத்து, கூர் மழுங்க வாளியில் போட்டு உருட்டி, தண்ணீர் தெளிகிற வரைக்கும் பன்னிரண்டு தடவை அலசினேன். சுக்கா சோதனை செய்தேன். ஒரு நுரை இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, நானே என் தோளைத் தட்டிக்கொள்ளாத குறை.

அளந்து பார்த்தால் ஒரு வாளி குறைந்தது. திரும்பக் கடைக்குப் போக அலுப்பு. வீட்டிலேயே என்ன இருக்கிறது என்று தேடினேன், இருந்தது. அதையும் உடைத்துக் கலந்துவிட்டேன். அது என்ன என்று பிறகு சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே அது பிறகுதான் ஞாபகம் வந்தது.

3. தண்ணீர்மேல் வானவில்

தொட்டி வைத்த நான்காம் நாள் டாக்டர் போன் செய்தார். "அக்கா, தண்ணி மேல ஏதோ ஆடை மாதிரி மெதக்குது. மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது."

புதுத் தொட்டியில் மேல் ஆடை படிவது வழக்கம்தான், பெரும்பாலும் பாக்டீரியா. விரலால் தொட்டால் சில்லுச் சில்லாக உடையும். போய்த் தொட்டுப் பார்த்தேன். உடையவில்லை. விரலுக்கு விலகி, விரலை எடுத்ததும் மறுபடி கூடிக்கொண்டது. விளக்கு வெளிச்சத்தில் வானவில் நிறம் தெரிந்தது. அது எண்ணெய்.

சோதனைக்கு விட்டிருந்த பத்து டெட்ரா மீன்களை வாளிக்கு மாற்றினேன். கிச்சன் பேப்பரை விரித்து ஆடையை ஒற்றி எடுத்தேன். மறுநாள் மறுபடி வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. பம்பைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தம். பெயின்ட் அடிக்கிறவர்களைக் கேட்டேன், அவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. அப்போதுதான் தொட்டியின் மரக் கேபினட்மேல் ஒரு ஸ்பிரே பாட்டிலைப் பார்த்தேன். மரத்தைத் துடைத்துப் பளபளப்பாக்குகிற ஸ்பிரே.

கிளினிக்கில் துப்புரவு வேலை செய்தவர் சாந்தி. என்னைவிட நாலைந்து வயது இளையவர், பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருந்தார், நடந்தே வேலைக்கு வந்துவிடுவார். ஒரு துப்புரவு கம்பெனி அவரை அங்கே போட்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக டாக்டர் அறைக்குப் போனேன்.

"டாக்டர், உங்க கிளீனர் தொட்டி மேல பாலிஷ் அடிக்கிறாங்க. மீன் சாவப்போவுது. இப்படி இருந்தா நான் எத்தன தடவ தண்ணி மாத்தினாலும் சரிப்படாது."

டாக்டருக்கும் திறப்பு விழா டென்ஷன். கம்பெனி சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் ஒரே வரியில் முடித்தார்: திங்கட்கிழமையிலிருந்து சாந்தி தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போக வேண்டும், இங்கே வேறு ஆள் வருவார். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அங்கே போய் வர அரை நாள் ஆகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் தப்பு அவருடையது என்று நினைத்தேன்.

4. சாந்தியின் மூக்கு

சனிக்கிழமை காலை மறுபடி ஆடை படிந்திருந்தது. கிச்சன் பேப்பரை விரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார் சாந்தி.

"அக்கா, ஒண்ணு சொல்லவா? கோச்சிக்காதீங்க."

"சொல்லு."

"நான் மூணு நாளா ஸ்பிரே பாட்டில தொடவே இல்ல. சூப்பர்வைசர் எடுத்துட்டுப் போயிட்டாரு. அப்பறம் எப்படி இன்னிக்கும் வருது?"

அவர் என் கையில் இருந்த ஈரப் பேப்பரை வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"என் ஸ்பிரே லெமன் வாசம் லா அக்கா. இது காறிப்போன நல்லெண்ணெ. சாமி ரூம்ல பழைய திரிய எடுக்கும்போது அடிக்குமே, அந்த வாட. உங்களுக்குத் தெரியலியா?"

எனக்குத் தெரியவில்லை. இருபது வருடம் மீன்தொட்டிக்குள் தலையை விட்ட மூக்கு, அதற்குப் பாசி வாடையும் மீன் வாடையும் தவிர வேறு எதுவும் ஏறாது. ஆனால் திரி என்று அவர் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

குறைந்த அந்த ஒரு வாளிக்கு நான் வீட்டில் எடுத்து உடைத்தது என் கார்த்திகை விளக்குகள். அறுபது எழுபது அகல் இருக்கும். வருஷா வருஷம் ஏற்றிவிட்டு, சுடுதண்ணீரில் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்துப் பெட்டியில் வைப்பேன். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் சுட்ட மண் எண்ணெயைக் குடிக்கும். வெளியேதான் நான் கழுவினேன், உள்ளே எத்தனையோ வருட எண்ணெய் அப்படியே இருந்தது. அதை நானே உடைத்து, உள்பக்கத்தைத் திறந்து தண்ணீரில் போட்டிருக்கிறேன். களிமண் ஓட்டை ஓட்டையாக இருக்கும், அதனால்தான் நல்லது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான்தான்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு பத்து நிமிடம் எனக்குக் கெட்ட புத்திதான் ஓடியது. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டுவிட்டு, இப்போது சரியாகிவிட்டது என்று சொன்னால் டாக்டர் நம்புவார். சாந்தி திங்கட்கிழமை தெலுக் பங்லிமா காராங்குக்குப் போய்விடுவார். எனக்கு மூன்று கிளினிக். சொன்னால் ஒன்றும் இல்லாமல் போகலாம்.

அதற்குள் சாந்தி மாப்பை எடுத்துக்கொண்டு என் காலடியில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். "வழுக்கும், தள்ளி நில்லுங்க அக்கா" என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. சைஃபன் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன்.

"டாக்டர், எண்ணெ என்னோடது. என் வீட்டு வெளக்க ஒடைச்சிப் போட்டுட்டேன். சாந்தி மேல ஒரு தப்பும் இல்ல."

"வெளக்கா?" டாக்டருக்கு முதலில் புரியவில்லை. "கார்த்திக வெளக்கா? என் ஃபிஷ் டேங்க்லயா?"

"ஆமா."

அவர் சிரிக்கவில்லை. என் முன்னாலேயே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, சாந்தி இங்கேயே இருக்க வேண்டும், தப்பு எங்களுடையது என்று சொன்னார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எட்டு நாள் இருக்கு அக்கா. முடியுமா முடியாதா, ஸ்ட்ரெயிட்டா சொல்லுங்க. முடியலன்னா தொட்டிய எடுத்துட்டு டிவி மாட்டிர்றேன்."

"முடியும் டாக்டர்."

வெளியே வந்து சாந்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் குறைவு, நாக்கு குழறியது. அவர் மாப்பைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "அதெல்லாம் வேணாம் அக்கா. அடுத்த தடவ மொதல்ல என்னக் கேளுங்க. அப்பறம் டாக்டர்கிட்ட சொல்லுங்க."

5. வறுத்தல்

முடியும் என்று சொல்லிவிட்டேனே தவிர எப்படி என்று தெரியாது. விளக்குத் துண்டும் பானைத் துண்டும் ஒரே நிறம், பிரிக்க முடியாது. பானைக் கடையில் மிச்சம் இருந்ததை லோரி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஜப்பான் சாய்லுக்குக் காசும் இல்லை, அம்மோனியா அடங்க நாளும் இல்லை.

வழி சொன்னது சாந்திதான். "எண்ணெ பிடிச்ச இரும்புச் சட்டிய எங்க அண்ணன் நெருப்புல காய்ச்சித்தான் எடுப்பாரு. இதையும் காய்ச்சலாமே?" அவருடைய அண்ணன் கல்யாணச் சமையல்காரர். குவாலி என்கிற பெரிய வாணலி, சீறிக்கொண்டு எரிகிற கேஸ் அடுப்பு எல்லாம் அவரிடம் இருந்தது.

துண்டுகளைத் தொட்டியிலிருந்து அள்ளி மூன்று நாள் வெயிலில் காய வைத்தேன். ஈரத்தோடு சூடாக்கினால் வெடிக்கும். தைப்பூச வாரம் என்பதால் அண்ணனுக்கு அன்னதானச் சமையல், அடுப்பு புதன்கிழமைதான் கிடைத்தது. சாந்தி லீவு போட்டுவிட்டு அடுப்போடும் குவாலியோடும் கிள்ளானுக்கு வந்தார். என் வீட்டுப் பின்பக்கம், மதியம் பன்னிரண்டு மணி வெயில், நாங்கள் இரண்டு பேரும் வாயில் துணி கட்டிக்கொண்டு சட்டித் துண்டை வறுத்தோம்.

முதல் ஈட்டுக்குக் கறுப்புப் புகை வந்தது. பத்து வருடக் கார்த்திகையும் ஒரே நேரத்தில் அணைந்த மாதிரி வாடை, அது எனக்கே மூக்கில் ஏறியது. துண்டெல்லாம் முதலில் கறுத்தது, கிளறிக்கொண்டே இருக்க இருக்க மறுபடி செங்கல் நிறத்துக்குத் திரும்பியது. புகை நின்ற பிறகும் கால் மணி நேரம் விடாமல் வறுத்து இறக்கினோம். மொத்தம் பதினொரு ஈடு.

வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஆன்டி தலையை நீட்டினார். "என்னா லெட்சுமி, கல்யாண வேலையா? என்னா வறுக்கிற?"

"சட்டி ஆன்டி."

"சட்டியில என்னான்னு கேட்டேன்."

"சட்டியத்தான் வறுக்கிறேன்."

ஆன்டி கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெயில் ஜாஸ்தி, உள்ள போயி உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாந்தி கரண்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

ஆறிய பிறகு ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து, பதினொரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தோம். மறுநாள் காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றிலும் வானவில் இல்லை. டம்ளர்களைத் தட்டில் அடுக்கி, சிந்தாமல் வேனை ஓட்டிக்கொண்டு போய் சாந்தியிடம் நீட்டினேன். வரிசையாக மோந்து பார்த்துவிட்டு, "போடுங்க அக்கா" என்றார்.

6. மூன்றாவது மாதம்

திறப்பு விழாவுக்குத் தொட்டி ஜொலித்தது என்று எழுத ஆசைதான். ஜொலிக்கவில்லை. கிரிப்ட்ஸ் என்கிற செடிக்கு இடம் மாற்றினால் கோபம் வரும், இருக்கிற இலையை எல்லாம் உதிர்த்துவிடும். நான் இரண்டு தடவை மாற்றியிருந்தேன். பாதித் தொட்டி மொட்டையாக நின்றது. மண் தேவைப்படாத ஜாவா ஃபெர்னை மரக்கட்டையில் கட்டி முன்பக்கம் வைத்து மறைத்தேன். ஆனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, மீன்கள் நடுத் தண்ணீரில் நிம்மதியாக நீந்தின. டாக்டர் குனிந்து பார்த்தார். "டிவி வேணாம்" என்றார். எனக்கு அது போதும்.

வேர் பிடித்ததும் கிரிப்ட்ஸ் புது இலை விட்டது. மூன்றாவது மாதம் அடியில் இருந்த செங்கல் நிறமே தெரியாத அளவுக்குப் பச்சை. அந்த மாதம்தான் ஆ லியோங் தவுக்கே பல் வலி என்று பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் வந்தார். கிள்ளானில் பல் டாக்டரே இல்லாத மாதிரி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தொட்டி முன்னால் பத்து நிமிடம் நின்றார், பிறகு எனக்குப் போன் செய்து என்ன பிராண்ட் சாய்ல் என்று கேட்டார். பொங்கல் பானை என்றேன். விளக்குக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். வலியோடு சிரித்து, "அடோய்" என்று கத்திவிட்டு, தனக்கு ஐந்து வாளி வேண்டும் என்றார். எப்போது திரும்பி வருகிறாய் என்று கேட்கவில்லை.

இப்போது மூன்று கிளினிக்கோடு செமினி பக்கம் இரண்டு வீட்டுத் தொட்டிகளும் பார்க்கிறேன். வருஷா வருஷம் பொங்கல் முடிந்த வாரம் பானைக் கடைகளுக்குப் போய்விடுவேன். புதிதாக வாங்கிக் கார்த்திகைக்கு ஏற்றிய விளக்கை மட்டும் உடைப்பதில்லை, அது அதன் பெட்டியில் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடற்கரை மணலைச் சோதித்தேன், பானைக் கடைக்காரர் பானையைச் சோதித்தேன், பம்பை, பெயின்டை, சாந்தியை எல்லாம் சந்தேகப்பட்டேன். என் வீட்டிலிருந்து என் கையால் எடுத்து வந்த ஒரு வாளியை மட்டும் சோதிக்கவில்லை. சுக்கா சுண்ணாம்பைத்தான் காட்டும், எண்ணெயைக் காட்டாது. டம்ளர் தண்ணீரில் ஊற வைத்தும் பாருங்கள், முதலில் உங்கள் சொந்தச் சரக்கைப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் எனக்கு என் மூக்கின்மேல் நம்பிக்கை வரவில்லை. புதிதாக எந்தத் தொட்டிக்கு மண் தயார் செய்தாலும், ஒரு டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறேன். சாந்தி மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, டம்ளரை வாங்கி மோந்து பார்ப்பார். அவர் "போடுங்க அக்கா" என்று சொல்கிற வரைக்கும் ஒரு பிடி மண்கூட என் வேனிலிருந்து இறங்காது.